பயிற்சி முடிந்த பிறகு வேலையா, வேலையில் சேர்ந்த பிறகு பயிற்சியா?

வாசகர் ஒருவர், 2024 ஜூன் 3

என் மகனுக்கு 26 வயது. அறிவுசார் குறைபாடு 75 சதவீதம் என்று அடையாள அட்டையில் உள்ளது. சிறப்புப் பள்ளியை முடித்த பின், அதே வளாகத்தில் உள்ள தொழிற்பயிற்சிக் கூடத்தில் எட்டு ஆண்டுகளாகக் காகிதப் பை ஒட்டுகிறான். மாதம் சில நூறு ரூபாய் ஊக்கத்தொகை தருகிறார்கள். இப்போது ஒரு தொண்டு நிறுவனத்தார் அவனை வெளிவேலைக்கு அனுப்பலாம் என்கிறார்கள். பயிற்சிக்கூடமோ அவன் இன்னும் தயாராகவில்லை என்கிறது. என் எண்ணமும் அதுவே. ஆதரவுடன் கூடிய வேலை, அதாவது வேலையிடத்திலேயே ஒருவர் கூட இருந்து பழக்கும் முறை, படம் எடுத்துப் போடுவதற்காக மூன்று மாதம் நடக்கும். அதன் பிறகு பிள்ளை வீட்டுக்குத் திரும்பிவிடுவான். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கட்டும்.

ஜூன் 4

திருப்பூரிலும் கோவையிலும் அறிவுசார் மாற்றுத்திறனாளிகளை வேலையில் அமர்த்தி, அவர்களுடன் கூடவே நின்று பழக்கும் ஜாப் கோச் பணியைச் செய்து வருகிறேன். மூன்று மாதம் என்று நீங்கள் சொல்வதைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது. "தயாராகவில்லை" என்பதை மட்டும் இப்போது பார்ப்போம்.

எட்டு ஆண்டுகள் காகிதப் பை ஒட்டிய ஒருவர் எதற்குத் தயாராகியிருப்பார்? காகிதப் பை ஒட்டுவதற்குத்தான். ஓரிடத்தில் கற்றதை வேறோர் இடத்துக்கு எடுத்துச் சென்று பொருத்துவதுதான் இவர்களுக்கு மிகக் கடினமான காரியம். அப்படியிருக்க, வகுப்பறையில் கற்றுக்கொண்டு தொழிற்சாலையில் செய் என்று கேட்பது, எந்த இடத்தில் அவர்களுக்குக் குறை இருக்கிறதோ அந்த இடத்தையே நுழைவுத் தேர்வாக வைப்பதற்குச் சமம். வேலை செய்யப் போகும் மேசையிலேயே, உடன் வேலை செய்யப் போகும் மனிதர்களுக்கு நடுவிலேயே கற்றுக்கொடுத்தால் இந்தத் தடை பெருமளவு இல்லாமலே போகிறது.

இது புதிய கண்டுபிடிப்பு அன்று. 1970களில் அமெரிக்காவில் மார்க் கோல்ட் என்பவர், "எதையும் கற்க இயலாதவர்கள்" என்று காப்புப் பட்டறைகளில் (மாற்றுத்திறனாளிகளுக்கென்றே தனியாக நடத்தும் வேலைக்கூடங்களில்) ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தவர்களுக்கு 15 பாகங்கள் கொண்ட மிதிவண்டி பிரேக் ஒன்றைப் பொருத்தக் கற்றுக்கொடுத்துக் காட்டினார். நீண்ட விளக்கம் எதுவும் அவர் சொல்லவில்லை; வேலையைச் சிறு சிறு அடிகளாகப் பிரித்தார், பாகங்களைப் பொருத்தும் வரிசையிலேயே தட்டுகளில் அடுக்கினார், தவறினால் கையை மெல்லத் திருப்பிவிட்டார். கற்பவர் தவறினால் கற்பித்த முறையைத்தான் மாற்ற வேண்டும் என்பது அவருடைய நிலை. எட்டு ஆண்டுப் பயிற்சிக்குப் பிறகும் ஒருவர் தயாராகவில்லை என்று சொல்லும் நிறுவனம், கற்பித்த முறையில் என்ன குறை என்ற கேள்வியை முதலில் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஜூன் 4, இரவு

பொதுவாகப் பேசினால் யாரும் நம்பமாட்டார்கள் என்பதால் ஒரே ஒரு வேலையை விரித்துச் சொல்கிறேன்.

பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலை. தைத்து வந்த டி-ஷர்ட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல்களைச் சிறிய டிரிம்மரால் வெட்ட வேண்டும். பார்த்தால் எளிது, செய்பவருக்குத்தான் தெரியும், நூலோடு துணியும் நுனியில் சிக்கினால் ஓட்டை விழுந்து அது டேமேஜ் பீஸ் ஆகிவிடும். ஜாப் கோச் முதலில் அந்த வேலையைத் தானே செய்து பார்க்க வேண்டும். அப்படிச் செய்து பார்த்தபோது, பழகிய பெண்கள் கழுத்து, வலது கை, இடது கை, கீழ்மடிப்பு, பிறகு உட்புறம் என்று ஒரே வரிசையில் போகிறார்கள் என்பது தெரிந்தது. அவர்களுக்கே அது தெரியாது. கேட்டால் "சும்மா பார்த்து வெட்டுறோம்" என்பார்கள். அந்த வரிசையை அப்படியே எடுத்து, நான் சேர்த்த இளைஞருக்கு மாறாமல் பழக்கினேன். டிரிம்மரைத் துணியின் மேல் படுக்க வைத்துப் பிடிக்கப் பழகிய பிறகு ஓட்டை விழுவது நின்றது.

அடுத்த சிக்கல் எண்ணிக்கை. பன்னிரண்டு பீஸ் சேர்ந்ததும் கட்ட வேண்டும். அவருக்கு ஐந்துக்கு மேல் எண்ண வராது. எண்கள் கற்றுக்கொடுக்க உட்கார்ந்திருந்தால் இன்றும் கற்றுக்கொடுத்துக்கொண்டிருப்பேன். ஒரு பலகையில் பன்னிரண்டு கொக்கிகளை அடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு துணிக் கீற்றைத் தொங்கவிட்டோம். ஒரு பீஸ் முடிந்தால் ஒரு கீற்றை எடுத்துப் பெட்டியில் போட வேண்டும். பலகை காலியானால் கட்ட வேண்டும். சில வாரங்களில் அந்தப் பலகையைப் பக்கத்து மேசைப் பெண்ணும் கேட்டு வாங்கிக்கொண்டார், பேசிக்கொண்டே வெட்டினாலும் எண்ணிக்கை தப்பாது என்பதற்காக.

ஜூன் 6

அமெரிக்கச் சட்டத்தைப் பற்றிக் கேட்டவருக்கு: 1986இல் மறுவாழ்வுச் சட்டத்தில் செய்த திருத்தங்கள் வழியாகத்தான் ஆதரவுடன் கூடிய வேலை என்பது அங்கே தனி நிதியுள்ள சேவையாயிற்று. தனி நபரை ஒரு சாதாரண நிறுவனத்தில் அமர்த்துவது, ஒரே நிறுவனத்துக்குள் சிறு குழுவாக அமர்த்துவது, வண்டியில் சென்று துப்புரவு அல்லது தோட்ட வேலை செய்யும் குழு, சிறுதொழில் என நான்கு வடிவங்கள் அப்போது பேசப்பட்டன. நம் ஊரில் செய்தியில் வரும் உணவகங்கள் பெரும்பாலும் இரண்டாம், நான்காம் வகையைச் சேர்ந்தவை. சென்னை மெரினா அருகே உள்ள "மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸ்" கட்டடத்தின் உணவகத்துக்குச் சென்றவர்கள் அந்த உழைப்பை நேரில் பார்த்திருப்பீர்கள். எனக்கு முதல் வகையே முக்கியம். உணவகம் எத்தனை நன்றாக நடந்தாலும் மாவட்டத்துக்கு ஒன்றிரண்டுதான் இருக்கும். பனியன் கம்பெனிகளும் பல்பொருள் அங்காடிகளும் தெருவுக்குத் தெரு இருக்கின்றன.

ஜூன் 9

வேலை தெரியாமல் வேலை போனவர்கள் மிகக் குறைவு. இதை நான் எத்தனை முறை சொன்னாலும் பெற்றோர்கள் "என் பிள்ளைக்கு இந்த வேலை வருமா" என்றே கேட்கிறார்கள்.

வேலை போவது டீ நேரத்தில். பதினைந்து நிமிடம், சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை, செய்ய வேண்டியது என்ன என்று எழுதி வைக்கவும் இல்லை. எங்கே உட்காருவது, யாரோடு பேசுவது, கேலி எது, நட்பு எது என்பதைச் சக ஊழியர்கள் சின்ன வயதிலேயே தெருவில் கற்றிருப்பார்கள். இவரோ அந்த வயதில் சிறப்புப் பள்ளி வேனில் போய் வந்துகொண்டிருந்தார். ஒரு கம்பெனியில் சில பையன்கள் ஒருவரை டீ நேரம் முழுவதும் கடைக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அவருக்கு அது பெருமையாக இருந்தது, எல்லோரும் தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று. மணி அடித்த பிறகு தாமதமாக வந்ததற்காகத் திட்டு வாங்கியவரும் அவர்தான். அந்தப் பையன்களில் சற்றே பொறுப்பானவன் ஒருவனிடம், "இவரை மணி அடிப்பதற்குள் உட்கார வைப்பது உன் வேலை" என்று ஒப்படைத்ததுதான் தீர்வாக அமைந்தது. ஜாப் கோச் அங்கேயே நின்றுகொண்டிருக்கும் வரை பக்கத்தில் இருப்பவர்கள் எதையும் ஏற்கமாட்டார்கள். கேள்வியெல்லாம் கோச்சிடமே வரும். நாம் பின்வாங்கும் வேகத்தில்தான் அவர்கள் முன்வருகிறார்கள்.

இன்னொன்று, சூப்பர்வைசர் மாறுவது. பழையவர் "அதை முடி" என்றால் எதைச் சொல்கிறார் என்று இவருக்குத் தெரியும். புதியவர் அதே சொற்களை வேறு வேலைக்குச் சொல்வார். ஒரு வாரத்தில் "சொன்னால் கேட்பதில்லை" என்ற புகார் வந்துவிடும்.

பேருந்தையும் சேர்க்க வேண்டும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருபவருக்கும் கட்டணம் இல்லை என்பது உதவிதான். ஆனால் ஏறுவது ஒரு பாடம் என்றால் இறங்குவது மூன்று பாடம். நிறுத்தத்தின் பெயரைச் சொல்லிக் கொடுப்பதைவிட, பெட்ரோல் பங்க் கண்ணில் பட்டதும் எழுந்து நில் என்பது பலித்தது. பங்க்கை மூடிப் பலகை அடைத்த மாதத்தில் மறுபடியும் தொடங்க வேண்டியதாயிற்று.

ஜூன் 10

"அப்படியானால் டீ இல்லாத கம்பெனியைப் பார்க்கலாமே" என்று எழுதியவருக்கு: திருப்பூரில் அப்படி ஒன்று இருந்தால் முதலில் மற்ற தொழிலாளர்கள் விலகிவிடுவார்கள்.

ஜூன் 15

இனிப் பணம். பெற்றோர்கள் வெளியே சொல்லும் காரணம் பாதுகாப்பு. வீட்டுக்குள் உட்கார்ந்து பேசினால் பாதிப் பேரிடம் வருவது பென்ஷன்.

அரசுப் பணியில் இருந்தவர் இறந்த பிறகு, சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறனாளி மகனோ மகளோ வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் பெறலாம். பிள்ளை வேலைக்குப் போய்விட்டால் அந்த உரிமை போய்விடுமே என்ற அச்சம் நியாயமானது. முன்பு வருமான வரம்பு 9,000 ரூபாயும் அதற்கான அகவிலைப்படியும் என்று இருந்தது. 2021 பிப்ரவரியில் அது மாற்றப்பட்டது: பிற வருமானம், உரிய குடும்ப ஓய்வூதியத்தைவிடக் குறைவாக இருந்தால், அதாவது இறந்தவர் கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதமும் அதற்கான அகவிலைப்படியும் சேர்ந்த தொகைக்குக் கீழே இருந்தால், பிள்ளைக்கு ஓய்வூதிய உரிமை உண்டு. கடைசி அடிப்படைச் சம்பளம் 60,000 என்று வைத்துக்கொண்டால் 18,000 ரூபாயும் அகவிலைப்படியும் வரம்பு. நான் சேர்க்கும் வேலைகளில் அந்த அளவுக்குச் சம்பளம் வருவதில்லை. பென்ஷனுக்காகப் பிள்ளையை வீட்டில் வைத்திருப்பவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

வங்கிக் கணக்கு வேறொரு தலைவலி. சம்பளத்தைக் கணக்கில்தான் போடுவோம் என்கிறது கம்பெனி; கையெழுத்து ஒரே மாதிரி வராதவருக்குக் கணக்குத் திறக்கமாட்டோம் என்றது ஒரு வங்கிக் கிளை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு வழங்கும் பாதுகாவலர் சான்றிதழைக் கொடுத்துக் கணக்குத் திறப்பது நடைமுறை வழி. எனக்கு அதில் முழு மனநிறைவு இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, மற்றவர்களுக்குச் சமமான சட்டத் தகுதி இவர்களுக்கும் உண்டு என்கிறது. 14ஆம் பிரிவு, பாதுகாவலரும் அவரும் கலந்து முடிவெடுக்கும் வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் முறையைத்தான் பேசுகிறது. சம்பளம் வாங்கும் முதல் மாதத்திலேயே "உன் பணத்தை நீ தொடக்கூடாது" என்று எழுதி வாங்குவது எந்த வகை ஊக்கம் என்று எனக்கு விளங்கவில்லை.

ஜூன் 16

மேலே சொன்ன ஓய்வூதிய வரம்பு மத்திய அரசுப் பணியாளர்களின் குடும்பங்களுக்கு உரியது. மாநில அரசு ஓய்வூதியர்கள் இதைத் தங்களுக்குப் பொருத்திக்கொண்டு முடிவெடுக்க வேண்டாம். கருவூல அலுவலகத்தில் எழுத்து வடிவில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழிப் பதிலை நம்பாதீர்கள், மேசைக்கு மேசை மாறும்.

ஜூன் 22

"அரசு வேலையில் இடஒதுக்கீடு இருக்கும்போது பனியன் கம்பெனி எதற்கு" என்ற கேள்வி வந்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான பழைய 1995 சட்டத்தின் 3 சதவீத ஒதுக்கீட்டில் அறிவுசார் குறைபாட்டுக்கு இடமே இல்லை. 2016 சட்டத்தின் 34ஆம் பிரிவு 4 சதவீதமாக்கி, அதில் ஒரு சதவீதத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்குச் சேர்த்து வைத்தது. 2021 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட உகந்த பணியிடங்களின் பட்டியலில் 3,566 பணிகள் இடம்பெற்றன. ஆனால் வாசல் போட்டித் தேர்வு. கற்றல் குறைபாடுள்ள ஒரு பட்டதாரியும், இரண்டாம் வகுப்பு அளவுக்கு எழுத்தறிவுள்ள ஒருவரும் அந்த ஒரே ஒரு சதவீதத்துக்குள் போட்டியிட்டால் யார் தேர்வாவார் என்பதற்கு ஆய்வு தேவையில்லை. வேலையைச் செய்துகாட்டச் சொல்லித் தேர்ந்தெடுக்கும் முறை வராதவரை இந்த ஒதுக்கீடு இவர்களில் மிகச் சிலருக்கே பயன்படும்.

தனியார் துறைக்கு 35ஆம் பிரிவு ஊக்கச் சலுகையை மட்டும் சொல்கிறது. ஊழியர்களில் 5 சதவீதம் மாற்றுத்திறனாளிகளாக இருக்க வழிசெய்யும் நோக்கம், கட்டாயம் இல்லை. ஆகவே மனிதவளத் துறையில் யாரையாவது பிடித்துப் பேசித்தான் ஆக வேண்டும்.

ஜூன் 29

ஊக்கத்தொகை பற்றிய விவாதம் சூடாகியிருக்கிறது. என் நிலை இது: முதல் சில வாரங்கள் கழிந்த பிறகும் கம்பெனி சம்பளம் தராமல் தொண்டு நிறுவனம் "ஊக்கத்தொகை" தந்தால், அது வேலை அன்று. 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில், மாற்றுத்திறனாளித் தொழிலாளர்களின் ஊதியத்துக்கு விலக்களிக்க அரசுக்கு அதிகாரம் தந்த 26ஆம் பிரிவு இருந்ததைச் சிலர் சுட்டிக்காட்டுகிறார்கள். அதிலும் அரசு ஆணை பிறப்பித்தால்தான் விலக்கு கிடைத்தது. முதலாளி தாமாக எடுத்துக்கொள்ளும் சலுகையாக அது இருக்கவில்லை.

வேகம் குறைவு என்பது உண்மை. அதற்குத்தான் பீஸ் ரேட், அதாவது முடித்த பீஸுக்கு இவ்வளவு என்ற கூலி, இருக்கிறது, பிறருக்கு உள்ள அதே ரேட். அதை ஏற்க மறுத்து "சேவை மனப்பான்மையோடு" பாதிச் சம்பளம் தர முன்வந்த ஒரு முதலாளியிடமிருந்து ஆளைத் திரும்ப அழைத்து வந்தோம். மாறாக, பிசிறு வெட்டும் அந்த இளைஞருக்குத் தீபாவளி போனஸ் மற்றவர்களைப் போலவே கணக்கிட்டுக் கொடுத்தார்கள். வரிசையில் நின்று, பேர் கூப்பிட்டதும் போய் வாங்கினார். அந்தக் கம்பெனியில் யாரும் படம் எடுக்கவில்லை, அவரை வாழ்த்திப் பேசவும் இல்லை. அதுவே எனக்குப் போதும்.

ஜூலை 7

பயிற்சிக்கூடங்களைப் பற்றி முதல் குறிப்பில் எழுதியதை மறுபடி படித்துப் பார்த்தேன். கடுமையைக் குறைக்க விருப்பமில்லை. ஆனால் ஒரு பக்கம் விடுபட்டிருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. அதன் 27ஆம் பிரிவை விளக்கி 2022இல் வந்த பொதுக் கருத்துரை, பிரித்து வைக்கும் காப்புப் பட்டறைகளை வேலை உரிமையின் நிறைவேற்றமாகக் கொள்ள முடியாது என்கிறது. கொள்கையாக இதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஆர்டர் இல்லாமல் கம்பெனி மூடிக் கிடக்கும் மாதங்களில் இவர்கள் எங்கே போவார்கள்? வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் உழைத்துப் பழகிய ஒழுங்கு இரண்டே மாதத்தில் கலைந்துவிடும். வலிப்பு அடிக்கடி வருபவர், நாள் முழுவதும் ஒருவரின் கைத்துணை தேவைப்படுபவர் ஆகியோருக்கு நம் ஊரில் பட்டறையை விட்டால் வீடுதான். ஆகவே மூட வேண்டும் என்று சொல்லமாட்டேன். வெளியே போனவர் திரும்பி வரவும், வந்தவர் மறுபடி போகவும் கதவு இரு பக்கமும் திறக்க வேண்டும். இன்று வெளியே போனவரின் இடம் மறுநாளே நிரப்பப்பட்டுவிடுகிறது. பெற்றோர்கள் அஞ்சுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஜூலை 14

இத்தனை நாள் பேசியதில் மகள்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. என்னிடம் வரும் பெயர்களிலும் பெண்கள் குறைவு. "வீட்டில் எல்லா வேலையும் செய்வாள்" என்று அம்மாக்கள் பெருமையாகச் சொல்வார்கள்: பாத்திரம், துணி, பாட்டியைக் கவனிப்பது. வேலை செய்யத் தெரியும் என்பதை அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். சம்பளம் என்றதும்தான் தயக்கம் வருகிறது.

பாதுகாப்பு அச்சத்தை நான் குறைத்துப் பேசவில்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். சேர்ப்பதற்கு முன் அந்தக் குழுவில் இருப்பவரைப் பெண்ணுக்கு நேரில் காட்டி, முகம் பழக்கி வைக்க வேண்டும். "வேண்டாம்" என்று சத்தமாகச் சொல்லப் பழக்க வேண்டும். சொன்னதெல்லாம் கேட்கும் பிள்ளை என்று நாம் பாராட்டி வளர்த்ததுதான் இங்கே ஆபத்து.

ஜூலை 28

இப்போது அந்த மூன்று மாதத்துக்கு வருகிறேன்.

ஐயா, நீங்கள் பார்த்தது சரி. பெரும்பாலான பயிற்சித் திட்டங்கள் தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு, சான்றிதழ் கொடுத்ததும், வேலையில் சேர்த்ததற்கான கடிதத்தைக் காட்டியதும் முடிந்துவிடுகின்றன. நான் மேலே எழுதிய எதுவும், சூப்பர்வைசர் மாறுவதும் பெட்ரோல் பங்க் மூடுவதும், முதல் மூன்று மாதத்துக்குள் நடப்பதில்லை. ஏழாம் மாதத்தில் நடக்கிறது, இரண்டாம் ஆண்டில் நடக்கிறது, அப்பா இறந்த வாரத்தில் நடக்கிறது. அந்த நேரத்தில் ஒரு தொலைபேசி அழைப்பும் ஒரு பாதி நாளும் போதும். அந்தப் பாதி நாளுக்குச் சம்பளம் தர எந்தத் தலைப்பிலும் பணம் இல்லை. ஜாப் கோச்சுகளில் பலர் சிறப்பாசிரியர்கள். நிரந்தர வேலை கிடைத்ததும் போய்விடுகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவர்கள் போனதும் அவர்களுடைய கைப்பேசியில் இருந்த சூப்பர்வைசர்களின் எண்களும் போய்விடுகின்றன.

மாநில அரசு அறிவுசார் மாற்றுத்திறனாளிகளுக்குத் தரும் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாய் ஆயிற்று. அது வேண்டும், குறையக்கூடாது. அதோடு, வேலையில் இருப்பவர்களுக்காக, தொடர்ந்து பார்த்துக்கொள்ளும் ஒருவரின் சம்பளத்துக்கும் ஒரு தலைப்பு வேண்டும். ஆள் சேர்த்த எண்ணிக்கைக்குப் பணம் தராமல், ஆள் வேலையில் நீடித்த மாதத்துக்குத் தர வேண்டும். பெற்றோர் சங்கங்கள் ஆட்சியர் கூட்டத்தில் கேட்க வேண்டியது இதுதான் என்று நான் நினைக்கிறேன். இலவசப் பொருள் கேட்பது எளிது, உடனே கிடைத்தும் விடும்.

ஆகஸ்ட் 4

உங்கள் பதிலைப் படித்தேன். ஒரு மாதம் அனுப்பிப் பார்க்கச் சம்மதம், ஆனால் அந்த நிறுவனத்தாரிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை என்கிறீர்கள். சம்பளத்தைக் கம்பெனி தருகிறதா அவர்கள் தருகிறார்களா என்று முதலில் கேளுங்கள். ஜாப் கோச் அந்த வேலையைத் தானே செய்து பார்த்தாரா, ஒரே நேரத்தில் எத்தனை பேரைப் பார்த்துக்கொள்கிறார், ஓராண்டு கழித்துச் சிக்கல் வந்தால் சூப்பர்வைசர் யாருக்குப் போன் செய்வார் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ஒரு மனிதரின் பெயர் வராமல் நிறுவனத்தின் பெயர் வந்தால் அவசரப்பட வேண்டாம். பயிற்சிக்கூடத்திலும் உங்கள் மகனின் இடத்தை அந்த ஒரு மாதத்துக்கு வைத்திருக்கச் சொல்லி எழுதி வாங்குங்கள். பிறகு, எல்லோரும் மறந்துவிடும் ஒன்று: உங்கள் மகனிடமும் கேளுங்கள். கம்பெனிக்கு அழைத்துச் சென்று காட்டிவிட்டுக் கேளுங்கள், வீட்டில் உட்கார வைத்துக் கேட்டால் நீங்கள் எதிர்பார்க்கும் பதிலைத்தான் சொல்வார்.

ஆகஸ்ட் 5

இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீட்டின் சம்பள வரம்பு பற்றிக் கேட்டவருக்கு: பொதுவாக மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை, மாற்றுத்திறனாளி ஊழியருக்கு 25,000 வரை. தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரை செலவு பெறலாம். வேலையில் சேர்ந்துவிட்டார் என்பதற்காக அதைப் புதுப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள்.